வழக்கத்துக்கு மாறான இனங்களும் உலகங்களும்: டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களுக்கான முழுமையான வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம் என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு கற்பனைக் கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, ஒரு கதையைச் சேர்ந்து வளர்க்கும் ஆட்டம். அதில் மனிதர், எல்ஃப் (கூர்காதுள்ள மாய இனம்), குள்ளர், ஹாஃப்லிங் (சிற்றுருவ மக்கள்) என்று நான்கு இனப் பெயர்களைச் சொன்னால் போதும். மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் எல்லோருடைய மனத்திலும் ஏறத்தாழ ஒரே படம் எழுந்துவிடும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் வேரூன்றச் செய்த பழக்கம் இது. ஆனால் வழக்கத்தை மீறும் இனங்களின் வரலாறும் ஏறக்குறைய அதே அளவு பழையது. 1976-இல் வந்த ‘பன்னீஸ் அண்ட் பரோஸ்’ ஆட்டத்தில் எல்லோரும் முயல்களாகவே ஆடினார்கள். 1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ ஆட்டத்தின் குளோரந்தா உலகில் இருட்டை ஒலியால் அறியும் டிரோல் என்னும் பூதங்களும் வாளேந்திய வாத்து மனிதர்களும் வாழ்கிறார்கள். 1987-இல் தொடங்கிய ‘டாலிஸ்லாந்தா’, தன் உலகில் எல்ஃப்களே கிடையாது என்பதையே விளம்பரமாகச் சொன்னது.

எனவே புதுமைக்கான ஆசை என்றும் இருந்திருக்கிறது; அந்தப் புதுமை மேசையில் நிலைத்து நிற்பதுதான் அரிது. பூச்சித் தலையும் நான்கு கைகளும் கொண்ட ஒரு கதாபாத்திரம், மூன்றாவது அமர்வுக்குள் மற்றவர்களைப் போலவே சத்திரத்தில் உறங்கி, மற்றவர்களைப் போலவே பேரம் பேசி, மற்றவர்களைப் போலவே வாள் வீசத் தொடங்கிவிட்டால், அந்தப் பூச்சித் தலை கேரக்டர் ஷீட்டின் (கதாபாத்திரத்தின் விவரத் தாளின்) மேல் மூலையில் எழுதிய ஒரு சொல்லாக மட்டுமே எஞ்சும். ஓர் இனம் உண்மையிலேயே வேறானதா என்பதைத் தோற்றம் தீர்மானிப்பதில்லை. அந்த இனத்தில் பிறந்த காரணத்தாலேயே ஆட்டக்காரர் சில இடங்களில் வேறு விதமாக முடிவெடுக்க நேர்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இந்த ஒரு அளவுகோலைச் சுற்றியே அமைந்துள்ளன. விளக்கத்துக்காக ஒரு புதிய இனத்தையும் அதற்குரிய உலகத்தையும் தொடக்கத்திலிருந்தே உருவாக்கிக்கொண்டு போகிறேன். அவற்றை நீங்கள் அப்படியே எடுத்தும் ஆடலாம்.

படி 1: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

பழகிய உலகில் புதிய இனத்தை நுழைக்கலாம். புதிய உலகில் பழகிய மனிதர்களை நடமாட விடலாம். இரண்டையும் புதிதாகவே படைக்கலாம். முதல் இரண்டும் எளியவை, ஏனென்றால் ஆட்டக்காரர்கள் ஊன்றி நிற்பதற்கு ஏதோ ஒரு பக்கத்தில் தெரிந்த தரை இருக்கிறது. மூன்றாவது மிகவும் கடினம். 1975-இல் வெளியான ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ ஆட்டத்தின் டெக்குமெல் உலகம், தனக்கென்று மொழிகளும் எழுத்துகளும் கோயில்களும் கொண்டது. அந்த ஆழமே அதைத் தேடிப்போனவர்களை ஈர்த்தது, அதுவே புதிதாக வருபவரை வாசலில் தயங்க வைத்தது. முதன்முறை முயல்பவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தால், எல்லாக் கதாபாத்திரங்களையும் ஒரே இனத்திலிருந்தோ இரண்டு இனங்களிலிருந்தோ மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு ஆட்டக்காரர்கள் ஆறு வினோத இனங்களோடு வந்தால், எந்த ஒன்றுக்கும் விளைவுகளைப் பின்தொடர நேரம் இருக்காது.

முடிவெடுத்த பிறகு, மாறாமல் இருக்கப்போகிறவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். பணம் இருக்கிறதா? உறக்கம் உண்டா? பெற்றோர், பிள்ளை என்ற உறவு உண்டா? மரண பயம் உண்டா? இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஆம்’ என்ற விடை இருப்பது நல்லது. மாறியது ஒன்று, மாறாதது பல என்றால்தான் அந்த ஒன்று கண்ணுக்குத் தெரியும்.

படி 2: ஒரே ஓர் உடல் உண்மையிலிருந்து தொடங்குங்கள்

பலரும் இங்கே வரலாற்றை எழுத உட்காருகிறார்கள்: ஆயிரமாண்டுப் பேரரசு, அதன் வீழ்ச்சி, பன்னிரண்டு குலங்கள். இவற்றை ஒத்திவையுங்கள். முதலில் தேவைப்படுவது உடலைப் பற்றிய ஒரே ஓர் உண்மை. அதை இயற்கையிலிருந்து எடுப்பது நல்லது. கற்பனையில் தோன்றாத நுணுக்கங்கள் இயற்கையில் கிடைக்கும்.

நான் எடுத்துக்கொள்வது நண்டை. நண்டின் ஓடு வளராது. உடல் பெரிதாக வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும். புதிய ஓடு முதலில் மென்மையாக இருக்கும். உடல் நீரை உறிஞ்சிப் பருத்து, பின்னர்தான் ஓடு இறுகும். அதுவரை அந்த உயிர் எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் ஒளிந்திருக்கும். கழற்றிய ஓட்டிலுள்ள கால்சியத்துக்காக அதையே தின்றுவிடும் வகைகளும் உண்டு. இழந்த காலும் கொடுக்கும் அடுத்தடுத்து ஓடு கழற்றும்போது மீண்டும் முளைக்கும்.

இந்த உடலோடு சிந்தித்துப் பேசும் ஓர் இனம் இருந்தால் அதைக் கவசர் என்று அழைப்போம். ஓடு கழற்றியபின் மென்மையாக இருக்கும் நாள்களை இளகுகாலம் என்போம். இனி ஒவ்வொரு தளமாகக் கேள்வி கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

வீடு எப்படி இருக்கும்? உள்ளிருந்து மட்டுமே திறக்கக்கூடிய ஓர் அறை ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். ஓடு கழற்றியபின் உடல் பருக்கும் என்பதால், உள்ளே போகும்போது இருக்கும் அளவுக்குக் கதவு வைத்தால் வெளியே வர முடியாது. அடுத்த உருவத்தின் அளவுக்குக் கதவு வைக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் புதிய அறை கட்டுவார்கள். மற்றவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள்.

காவலுக்கு யார்? இளகுகாலத்தில் வாசலில் நிற்பவரிடம் உயிரையே ஒப்படைக்கிறோம். எனவே கவசரின் சமூகத்தில் காவல் உறவு என்பது திருமணத்தைவிட இறுக்கமான பந்தமாக இருக்கலாம். இரண்டு குடும்பங்கள் பகையை முடித்துக்கொள்ள விரும்பினால், ஒருவர் வாசலில் மற்றவரின் பிள்ளை காவல் நிற்பதே சமாதான உடன்படிக்கையாகும்.

சட்டம் எப்படி இயங்கும்? கடன், பதவி, சத்தியம் ஆகியவற்றைக் கவசர்கள் ஓட்டிலேயே செதுக்கிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டைக் கழற்றினால் கடன் என்னவாகும்? கழற்றிய ஓடு ஆவணமாகிறது. பணக்காரர் வீட்டுக் கூடத்தில் நான்கு தலைமுறை ஓடுகள் வரிசையாக நிற்கும். ஏழைக் கவசருக்கோ புதிய ஓடு இறுகுவதற்குச் சத்து வேண்டும். அவர் பழைய ஓட்டை உண்டுவிடுகிறார், அதோடு அவருடைய பட்டங்களும் பத்திரங்களும் போய்விடுகின்றன. எனவே ஏழைகளுக்கு வரலாறு இல்லை. இந்த வர்க்க வேறுபாட்டை யாரும் தனியாகக் கண்டுபிடித்து ஒட்டவைக்கவில்லை; உடலிலிருந்தே அது கிளம்பி வந்தது. இந்தப் படியில் நாம் தேடுவது இத்தகைய கண்டுபிடிப்பைத்தான்.

குற்றம்? இறந்தவரின் ஓட்டைத் திருடி அவராக நடிப்பது. தண்டனை? கொடுக்கை வெட்டுவது மரண தண்டனையும் அன்று, நிரந்தர ஊனமும் அன்று. அடுத்த ஓடு கழற்றலில் அது முளைக்கத் தொடங்கிவிடும் என்பதால் அது காலக்கெடுவுள்ள தண்டனையாகிறது. போர்? இளகுகாலத்தில் இருப்பவரைக் கொல்வதே ஆகக் கொடிய பாவம் என்று எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கும். ஆகவே உங்கள் கேம்பெயினின் (பல அமர்வுகளாக நீளும் தொடர் ஆட்டத்தின்) முதல் கொலை எப்படி நடந்தது என்பது இப்போதே தெரிந்துவிட்டது. சமயம்? அறைக்குள் போனவரும் வெளியே வந்தவரும் ஒருவர்தானா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தால், இரண்டு சமயப் பிரிவுகள் இருக்கும்.

இவ்வளவு போதும். விடைகளில் எது ஒரு கதாபாத்திரத்தின் முடிவைத் தொடுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கவசரின் இசைக்கருவிகள் எவை என்பது எழுதுவதற்கு இன்பமாக இருக்கலாம்; ஆட்டத்தில் யாரும் கேட்காதவரை அது காத்திருக்கட்டும்.

படி 3: அந்த உடலுக்கு ஏற்ற நிலம்

இனத்தையும் உலகத்தையும் தனித்தனியாகப் படைத்துவிட்டு இணைப்பதைவிட, இரண்டையும் ஒரே வேரிலிருந்து வளர்ப்பது சிறந்தது. 1991-இல் வந்த ‘டார்க் சன்’ என்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொகுப்பு இதற்கு நல்ல பாடம். அதன் ஆத்தாஸ் உலகம் வறண்ட பாலைவனம். அங்கே உலோகம் அரிது. அந்த ஒரே முடிவிலிருந்து எலும்பாலும் மரத்தாலும் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிக் கல்லாலும் செய்த ஆயுதங்கள் வந்தன, உலோக நாணயத்துக்குப் பதிலாகச் சுட்ட மண் நாணயம் வந்தது. பிற உலகங்களில் அமைதியான விவசாயிகளாக இருக்கும் ஹாஃப்லிங்குகள் இங்கே காட்டில் வாழும் நரமாமிசம் உண்போர். பழைய பெயரே என்றாலும், நிலம் மாறியதால் முற்றிலும் வேறு இனம்.

2004-இல் வந்த கீத் பேக்கரின் ‘எபெரான்’ என்ற ஆட்ட உலகம் நிலத்துக்குப் பதிலாக வரலாற்றை வேராகப் பயன்படுத்தியது. அதிலுள்ள வார்ஃபோர்ஜ்டு இனத்தவர் ஒரு நீண்ட போருக்காக மரம், கல், உலோகம் ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கப்பட்டவர்கள். போரை முடித்த ஒப்பந்தமே அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. ஆட்டம் தொடங்கும் காலத்துக்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான் அது நடந்தது. போருக்காக மட்டுமே படைக்கப்பட்டவர் போர் இல்லாதபோது என்ன செய்வார் என்ற கேள்வியைக் கதாபாத்திரம் பிறக்கும்போதே கையில் கொண்டு வருகிறது. இத்தகைய கேள்வி இல்லாத இனத்தை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது அலங்காரம்தான்.

கவசருக்கு நான் கொடுக்கும் நிலம் இது: மாதம் ஒருமுறை கடல் ஒன்பது நாள்கள் வெகுதூரம் பின்வாங்குகிறது, பின்னர் திரும்பி வந்துவிடுகிறது. கவசரின் நகரங்கள் கடல் தரையில் இருக்கின்றன, மனிதர்களின் ஊர்கள் குன்றுகளின் மேல் இருக்கின்றன. இருவரும் சந்திக்கக்கூடிய காலம் அந்த ஒன்பது வறண்ட நாள்கள் மட்டுமே. வணிகம், திருமணத் தூது, வழக்கு, படையெடுப்பு எல்லாம் அந்த நாள்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும். கவசர் நீருக்கடியில் ஓடு கழற்றினால் மனிதப் படை அவர்களை நெருங்க முடியாது. எவருக்காவது நாள் தவறிப்போய் இளகுகாலம் வறண்ட நாள்களில் விழுந்துவிட்டால், அவரைக் காப்பாற்றுவதே ஒரு முழுச் சாகசம். உப்பு மலிவாகவும் விறகு விலையுயர்ந்ததாகவும் இருக்கும். கடல்நீரில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் வெண்கல ஆயுதங்களே மதிப்புடையவை.

ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் இதை ஆட்டத்தில் கொண்டுவருவதற்கு ஒரு தாளில் முப்பது கட்டங்கள் வரைந்து ஒன்பதுக்கு மட்டும் வண்ணம் பூசினால் போதும். ஒவ்வொரு விளையாட்டு நாள் கழியும்போதும் ஒரு கட்டத்தை எல்லோர் கண்முன்னும் அடித்துவிடுங்கள். நிலவரைபடத்தைவிட இந்தத் தாள் உலகத்தை அதிகமாக உணர்த்தும், ஏனென்றால் “திரும்பி வர நேரமிருக்கிறதா?” என்று ஆட்டக்காரர்களே கேட்கத் தொடங்குவார்கள்.

படி 4: விதிகளாக மாற்றுதல்

முதல் அறிவுரை: புதிய விதி எழுதுவதற்கு முன், ஏற்கெனவே உள்ள இனம் ஒன்றின் விதிகளை எடுத்துப் பெயரையும் விளக்கத்தையும் மாற்றிப் பாருங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் டார்ட்டில் என்ற ஆமை இனத்துக்கு ஓட்டினாலேயே ஆர்மர் கிளாஸ் (எதிரியின் அடி படுவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண்) 17 கிடைக்கிறது. அது வேறு கவசம் அணிந்து பயன்பெற முடியாது. கவசருக்கு இது அப்படியே பொருந்தும். நாம் புதிதாக எழுத வேண்டியது இளகுகாலம் ஒன்றை மட்டுமே.

அதை எப்போது நிகழ வைப்பது? பகடை உருட்டித் தீர்மானித்தால், ஒருவருடைய கதாபாத்திரம் முக்கியமான இரவில் அறைக்குள் கிடக்க நேரிடும். அது ஆட்டக்காரருக்குத் தண்டனை. ஒருபோதும் நிகழாவிட்டால் இனத்தின் உயிரே போய்விடும். ஐந்தாம் பதிப்பில் புரொஃபிஷியன்சி போனஸ் (தேர்ச்சிக்காகப் பகடை எண்ணோடு கூட்டுவது) 5, 9, 13, 17 ஆகிய லெவல்களில், அதாவது கதாபாத்திரத்தின் வளர்ச்சிப் படிகளில், உயர்கிறது. அந்த நான்கு இடங்களில் ஓடு கழற்றலை வைப்பதே என் தேர்வு. கதாபாத்திரத்தின் வாழ்நாளில் நான்கே முறை, எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த இடங்களில், வளர்ச்சிக்கான விலையாக அது வருகிறது. லெவல் உயர்ந்த பின் அடுத்த ஒரு மாதத்துக்குள் எந்த நாளில் என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கட்டும். மூன்று நாள்களுக்கு ஆர்மர் கிளாஸ், ஓடே இல்லாதவருக்கு உரியது போல 10-உடன் டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (சுறுசுறுப்புக்கான கூட்டல் எண்) மட்டுமே. ஆயுதம் ஏந்த முடியாது. பேசலாம், திட்டமிடலாம், மந்திரம் பயன்படுத்தலாம். அந்த அமர்வில் வாசலில் காவல் நிற்பது குழுவிலுள்ள மற்றொரு கதாபாத்திரம் என்றால், எந்த உரையாடல் பயிற்சியாலும் கிடைக்காத நெருக்கம் இரண்டு ஆட்டக்காரர்களுக்கிடையே அமைந்துவிடும்.

இரண்டாவது அறிவுரை: உங்கள் கேம்பெயினின் மையச் சிக்கலை ஒரே வரியில் அழித்துவிடும் திறன்களைக் கண்டுபிடியுங்கள். பறத்தல் இதில் முதலிடம் பெறுகிறது. 2015-இல் ஐந்தாம் பதிப்பில் வந்த ஆராகோக்ரா என்ற பறவை இனத்துக்கு முதல் லெவலிலேயே 50 அடி பறக்கும் வேகம் இருந்தது. ஒரு விசார்டு (மந்திரவாதிக் கதாபாத்திரம்) பறக்கும் மந்திரத்தைப் பெறுவதற்கே 5-ஆம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். மதில், பள்ளம், ஆறு ஆகியவற்றைக் கொண்டு நீங்கள் அமைக்கும் தடைகள் அத்தனையும் அந்த ஒருவருக்கு இல்லாமல் போகும். 2022-இன் திருத்தத்தில் அந்த வேகம் நடக்கும் வேகத்துக்குச் சமமாகக் குறைக்கப்பட்டது. அதுவும் மிகை என்று தோன்றினால், தொடக்க லெவல்களில் மேலிருந்து கீழே மிதந்து இறங்க மட்டும் அனுமதித்து, 5-ஆம் லெவலில் முழுப் பறத்தலைக் கொடுக்கலாம். இதே கண்ணோட்டத்தில் உணவும் மூச்சும் உறக்கமும் தேவைப்படாத இனங்களைப் பாருங்கள். அரசியல் சூழ்ச்சி நிறைந்த கேம்பெயினில் அவர்களால் ஒரு சிக்கலும் இல்லை. பாலைவனத்தில் உயிர்பிழைப்பதே ஆட்டம் என்றால், அவர்களில் ஒருவர் வந்ததும் ஆட்டத்தின் பாதி முடிந்துபோகும்.

மூன்றாவது, குறைகளைப் பற்றியது. எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் எண் கழிவு ஒரு பண்பை உணர்த்துவதில்லை. பகல் வெளிச்சத்தில் தாக்குதல் பகடைக்குப் பாதகம் என்ற விதி, பெரும்பாலும் பகலில் நடக்கும் கேம்பெயினில் வெறும் தொல்லை. ஆட்டக்காரர் அதை மறைக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு மறந்துவிடுவார். குறை என்பது ஒரு தேர்வை முன்வைக்க வேண்டும். இன்றே ஓடு கழற்றிப் பாதுகாப்பாக இருப்பதா, நாளைய சண்டை முடியும்வரை ஒத்திப்போடுவதா என்பது தேர்வு.

எந்த இனம் எந்தத் திறனில் கூடுதல் எண் பெறும் என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஐந்தாம் பதிப்புக்கு 2020-இல் வந்த துணைநூலிலேயே அந்த எண்களை விருப்பப்படி இடம் மாற்றிக்கொள்ளும் வழி தரப்பட்டது. 2024 பதிப்பில் அவை இனத்திலிருந்து முற்றிலும் நீங்கிக் கதாபாத்திரத்தின் பின்னணியோடு சேர்ந்துவிட்டன. இது சரியான திசை என்றே கருதுகிறேன். வலிமைக்கு 2 கூடுதல் என்பது ஒருமுறை கூட்டிவிட்டு மறக்கப்படும் எண்.

படி 5: இனம் முழுவதற்கும் ஒரே மனம் வேண்டாம்

உடலிலிருந்து வருவதையும் பழக்கத்திலிருந்து வருவதையும் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். ஓடு கழற்றுவது எல்லாக் கவசருக்கும் பொது. ஓட்டில் கடனைச் செதுக்குவது ஒரு நகரத்தின் வழக்கம். வேறொரு நகரத்தில் அது அருவருப்பான செயலாகக் கருதப்படலாம். குன்றின் மேல் மனிதர்களோடு வளர்ந்த கவசருக்கு அது கேள்விப்பட்ட செய்தியாக மட்டும் இருக்கலாம். எந்த இனத்தை எழுதினாலும், அதற்குள் இருப்பவர்கள் தமக்குள் சண்டையிட்டுக்கொள்ளும் மூன்று விஷயங்களையாவது எழுதிவையுங்கள். அப்போது கவசர் கதாபாத்திரத்தை உருவாக்குபவர் “நான் எந்தப் பக்கம்?” என்று கேட்பார். இனம் முழுவதையும் ‘பெருமை மிக்க போர்வீரர்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டால், அப்படி இருப்பது அல்லது அப்படி இல்லாமல் இருப்பது என்ற இரண்டே வழிகள்தான் அவருக்கு மிஞ்சும்.

இங்கேயே இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். உலகில் உண்மையாக வாழும் மக்கள் கூட்டம் ஒன்றின் உடை, பேச்சு, துயர வரலாறு ஆகியவற்றை எடுத்து விலங்கு முகத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். 2022 ஆகஸ்டில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ‘ஸ்பெல்ஜாமர்’ தொகுப்பில் ஹாடோசீ என்ற குரங்கு போன்ற இனத்துக்கு, அடிமைகளாக விற்பதற்காக உருமாற்றப்பட்டவர்கள் என்ற பின்கதை எழுதப்பட்டிருந்தது. கறுப்பின மக்களைப் பற்றிய பழைய இழிவான சித்தரிப்புகளை அது நினைவூட்டுகிறது என்று வாசகர்கள் கடுமையாக எதிர்த்தனர்; வெளியீட்டாளர் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதிகளை நீக்கினார். அடிமை முறையைக் கதையில் தொடவே கூடாது என்பது இதன் பொருளாகாது. உங்கள் இனத்தின் துன்பத்தை எழுதும்போது, அந்த மேசையில் அமரக்கூடிய ஒருவருடைய முன்னோரின் துன்பத்தை வேடிக்கைப் பொருளாக்கியிருக்கிறோமா என்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பது படைப்பவரின் கடமை.

படி 6: மேசைக்குக் கொண்டுவருதல்

செஷன் ஜீரோ எனப்படும் முன்னேற்பாட்டு அமர்வில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கவசரைப் பற்றி மூன்று செய்திகள் போதும்: ஓடு கழற்றுவார்கள், அப்போது காவல் வேண்டும், ஓட்டில் செதுக்கியிருப்பதே அவர்களுடைய பத்திரம். மற்றவை ஆட்டத்தில் தெரியவரட்டும். பெயர்கள் வாய்க்கு எளிதாக இருக்கட்டும். உச்சரிக்க முடியாத பெயரை எல்லோரும் ‘அந்த நண்டு’ என்று சுருக்கிவிடுவார்கள், அதோடு உழைப்பெல்லாம் வீணாகும்.

அதே அமர்வில் உடல் சார்ந்த அச்சங்களைப் பற்றியும் கேளுங்கள். பூச்சிகள், ஓடு உரிதல், உடலுக்குள் முட்டை என்பன போன்ற விவரிப்புகளைச் சிலரால் தாங்க முடியாது. இடையில் ஒருவர் காரணம் சொல்லாமலேயே ஒரு காட்சியை நிறுத்துவதற்கு வழிசெய்யும் எக்ஸ் கார்டு முறையை ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கினார். பெரிய எழுத்தில் எக்ஸ் எழுதிய ஓர் அட்டையை மேசை நடுவில் வைப்பது மட்டுமே அதற்குத் தேவை. வினோத உடல்களை வைத்து ஆடும் மேசைகளுக்கு இதைக் கட்டாயமாகவே பரிந்துரைக்கிறேன்.

முதல் காட்சியில் புதுமையைச் சொல்லி விளக்காமல், அதன் மீது ஆட்டக்காரர்கள் தடுக்கி விழும்படி செய்யுங்கள். ஒரு கேம் மாஸ்டர் இப்படித் தொடங்கலாம்:

“வறண்ட நாள்களில் இரண்டாவது நாள். வணிகர் சபையின் கூடத்துக்குள் நுழைகிறீர்கள். சுவரோரமாகப் பதினொரு பேர் அசையாமல் நிற்கிறார்கள். அருகில் போனால்தான் தெரிகிறது, அவை வெற்று ஓடுகள். பன்னிரண்டாவது பீடம் காலியாக இருக்கிறது. அதிலுள்ள தூசியில் புதிதாக இழுத்துச் சென்ற தடம் தெரிகிறது.”

“காலியாக இருக்கும் பீடம் யாருடையது என்று கேட்கிறேன்.”

“வாசலில் நிற்கும் முதிய கவசர் உங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ‘எங்கள் தலைவருடையது ஐயா. அவர் உள் அறையில் இளகியிருக்கிறார். நீங்கள் கேட்கும் கடன் பத்திரம் அந்த ஓட்டில்தான் இருந்தது’ என்கிறார்.”

“அப்படியென்றால் அவர் வெளியே வருவதற்குள் அந்த ஓட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய வாசலில் இப்போது யார் காவல்?”

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். அதை ஆட்டக்காரரே கேட்கிறார். ஓர் இனத்தின் தர்க்கத்தைப் பயன்படுத்தி அவர் துப்பறியத் தொடங்கிய கணத்திலிருந்து, அந்த உலகம் கேம் மாஸ்டருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை.

படி 7: அந்த இனத்தவராக நடித்தல்

இது ஆட்டக்காரர்களுக்கு. குரலை மாற்றிப் பேசுவதும் உச்சரிப்பைத் திரிப்பதும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதற்குப் பதிலாக ஓர் உடல் பழக்கம், ஓர் அச்சம், மற்ற இனத்தவரைப் பற்றிய ஒரு தீராத கேள்வி ஆகியவற்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கவசராக ஆடுபவர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார். தன் ஓட்டை யாராவது தொட்டால் விலகுவார். மனிதர்கள் பிறந்ததிலிருந்து இறப்பதுவரை ஒரே தோலோடு இருப்பது அவருக்கு விளங்கவே விளங்காது. தழும்பு உள்ள ஒவ்வொரு மனிதரிடமும் அதன் கதையைக் கேட்பார்.

சிரிப்பு வரும், வரட்டும். குளோரந்தாவின் வாத்து மனிதர்களைப் பார்த்துப் புதியவர்கள் சிரிப்பது வழக்கம், ஆனால் அந்த உலகத்தில் அவர்கள் மரணக் கடவுளை வணங்கி, இறந்தும் நடமாடும் பிணங்களை வேட்டையாடும் மக்கள். கேம் மாஸ்டர் அவர்களைக் கேலிப் பொருளாக நடத்தாதவரை, சிரிப்பு ஓர் அமர்வோடு அடங்கி மரியாதை அதன் இடத்துக்கு வரும். அதேபோல, மனிதர்களின் வெறுப்பையே ஒவ்வொரு ஊர் வாசலிலும் கொண்டுவந்து நிறுத்த வேண்டாம். வியப்பு, வணிக ஆர்வம், தவறான மரியாதை, குழந்தைகளின் ஓயாத கேள்விகள் என்று அறிமுகமற்றவரை எதிர்கொள்ளும் வகைகள் பல. காவலர் துரத்துவதும் கல்லெறிவதும் மட்டுமே நடந்தால், அந்த ஆட்டக்காரர் அடுத்த முறை மனிதராகவே வருவார்.

படி 8: சோதித்துப் பார்த்து வளர்த்தல்

நீண்ட கேம்பெயினைத் தொடங்குவதற்கு முன், மூன்று நான்கு மணி நேரத்தில் முடியக்கூடிய தனி ஆட்டம் ஒன்றை நடத்துங்கள். கதாபாத்திரங்களை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். அவர்களில் ஒரு கவசர் 5-ஆம் லெவலை அப்போதுதான் தொட்டவராக இருக்கட்டும், இல்லாவிட்டால் இளகுகாலத்தைச் சோதிக்கவே முடியாது. ஆடும்போது இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இனத்தின் காரணமாக யாராவது முடிவை மாற்றிய இடங்கள், விதியைத் தேடி ஆட்டம் நின்ற இடங்கள். முதல் பட்டியல் வெறுமையாக இருந்தால் படி 2-க்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது பட்டியல் நீண்டால் விதிகளைக் குறைக்க வேண்டும். விளக்கங்களைக் குறைக்க வேண்டாம்.

கேம்பெயின் தொடங்கிய பின் ஆட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் அந்த இடத்திலேயே சொல்லும் பதில்கள் தாம் உலகத்தின் உண்மையான சட்டங்கள். அவற்றை ஒரு குறிப்பேட்டில் நாள் தவறாமல் எழுதிவையுங்கள். விடை தெரியாத இடத்தில், கவசராக ஆடுபவரிடமே கேட்டுவிடுவது பெரும்பாலும் நல்ல பலனைத் தரும்: “உங்கள் ஊரில் இரட்டையர்கள் ஒரே நாளில் இளகினால் யார் காவல் நிற்பார்கள்?” அவர் சொல்வது முன்பு எழுதியதோடு மோதாதவரை அதுவே சட்டம். இரண்டாவது புதிய இனத்தைச் சேர்க்க விரும்பினால், அதன் உடல் உண்மை கவசரின் உடல் உண்மையோடு எங்காவது உரச வேண்டும். கடல் வற்றும் ஒன்பது நாள்களில் மட்டுமே விழித்திருந்து, மற்ற நாள்களில் சேற்றுக்கடியில் உறங்கும் ஓர் இனம் வந்தால், கவசர் அவர்களைக் காவலுக்கு அழைக்கவே முடியாது. மனிதர்களோ அவர்களையே நிலத்தின் உரிமையாளர்கள் என்று நம்பி ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். அடுத்த கேம்பெயினின் வழக்கு அங்கிருந்து தொடங்கலாம்.